ஏ/பி சோதனையில் பாட்களை எந்த நேரத்தில் வடிகட்டுவது: பிரிவு ஒதுக்கும் முன்பா, ஒதுக்கிய பின்பா?

தரவுத்தடம் (இழையைத் தொடங்கியவர்)

பட்டியல் பக்கம் ஒன்றில் ஏ/பி சோதனை நடத்தி வருகிறோம். பழைய வடிவத்தில் ஒரு பக்கத்துக்கு 20 உருப்படிகள் வரும். புதிய வடிவத்தில் 40 உருப்படிகளும், பக்கத்தை விட்டு நகராமலே ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும் வசதியும் உண்டு. வருகையாளர்களைப் பாதிக்குப் பாதியாகச் சமவாய்ப்பு முறையில் பிரித்தோம். மூல லாக்கில் (வடிகட்டாத வருகைப் பதிவேட்டில்) எண்ணிப் பார்த்தால் இரு பிரிவுகளும் ஏறத்தாழ சமமாகவே இருக்கின்றன. ஆனால் பாட்களை (மனிதரல்லாமல் தாமாகத் தளத்துக்கு வந்துபோகும் நிரல்களை) நீக்கும் வடிகட்டியைத் தாண்டி வந்த தரவில் புதிய பிரிவின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்துவிடுகிறது. அந்தத் தரவை வைத்துக் கணக்கிட்டால் புதிய வடிவத்தில் ஆளுக்கு விழும் கிளிக்குகளும் குறைந்ததாகவே காட்டுகிறது.

வடிகட்டியின் விதி எளியது. ஒரு மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் கிளிக் செய்த வருகையாளரைப் பாட் என்று கொண்டு, அவருடைய எல்லாப் பதிவுகளையும் நீக்கிவிடும். இந்த விதி நெடுநாளாக எல்லா அறிக்கைகளிலும் பயன்பட்டு வருவதால், அதை மாற்றினால் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று குழுவில் சிலர் தயங்குகிறார்கள். புதிய வடிவம் உண்மையிலேயே பாட்களை அதிகம் ஈர்க்கிறது, ஆகவே அதிகம் நீங்குவது இயல்புதான் என்பது வேறு சிலரின் வாதம். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

சமவாய்ப்பு

உங்கள் வடிகட்டி நீக்கியது பாட்களை மட்டும்தானா என்பதே முதல் ஐயம். உருப்படிகளை இரட்டிப்பாக்கி, திறப்பதையும் எளிதாக்கினால், ஆர்வமுள்ள மனிதர்கள் அதிகம் கிளிக் செய்வார்கள். அந்த வடிவம் அதற்காகத்தானே உருவாக்கப்பட்டது. அவர்களுள் மிகுந்த ஆர்வம் கொண்டவர்கள் உங்கள் வரம்பைத் தாண்டியதும் வடிகட்டி அவர்களைப் பாட் என்று முத்திரை குத்தி வெளியே அனுப்புகிறது. பழைய பிரிவில் அதே ஆட்கள் வரம்புக்குக் கீழேயே நின்றுவிடுவதால் தப்பிவிடுகிறார்கள். ஆக, புதிய வடிவத்துக்குச் சாதகமாக நடந்துகொண்டவர்களையே அந்தப் பிரிவிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டு, எஞ்சியவர்களின் சராசரி குறைந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள்.

இது பதிவாகியுள்ள நிகழ்வுதான். மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் எம்எஸ்என் முகப்புப் பக்கத்தின் சுழல்பட்டையில் 12 உருப்படிகளை 16 ஆக்கிய சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. முதல் கணக்கில் பயனர் ஈடுபாடு குறைந்ததாகவே தெரிந்தது. பிரிவுகளின் எண்ணிக்கை ஒத்துவராததைத் துருவியபோது, புதிய வடிவத்தில் மிக அதிகமாக ஈடுபட்டவர்களைப் பாட் வடிகட்டி நீக்கியிருந்தது தெரியவந்தது. அதைச் சரிசெய்ததும் முடிவு தலைகீழாக மாறியது. தங்கள் சோதனைகளில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் இத்தகைய எண்ணிக்கைப் பிறழ்வு தென்பட்டதாகவும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பாட்கள் காரணமல்ல என்றாலும், காரணங்களின் வரிசையில் வடிகட்டலுக்கு முக்கிய இடம் உண்டு.

இந்தப் பிறழ்வுக்கு மாதிரி விகிதப் பொருத்தமின்மை என்று பெயர்; துறையில் எஸ்ஆர்எம் என்றே சுருக்கிச் சொல்வோம். கண்ணளவில் அதை மதிப்பிடக் கூடாது. 1,000 பேரில் 505க்கு 495 என்று பிரிந்தால் அதில் ஒன்றுமில்லை. எதிர்பார்த்த பிரிவிலிருந்து எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்க மதிப்பு வெறும் 0.1. அதே விகிதம் 1,00,000 பேரில் 50,500க்கு 49,500 என்று வந்தால் மதிப்பு 10 ஆகிவிடும், பி-மதிப்பு (தற்செயலாகவே இவ்வளவு விலகல் வருவதற்கான வாய்ப்பு) 0.0016க்கு இறங்கிவிடும். 51,000க்கு 49,000 என்றால் மதிப்பு 40. அதைத் தற்செயல் என்று சொல்ல வழியே இல்லை. உங்கள் எண்களை இப்படி இரண்டு முறை சோதியுங்கள்: வடிகட்டும் முன் ஒருமுறை, வடிகட்டிய பின் ஒருமுறை. முன்னதில் தேறி, பின்னதில் தவறினால், கோளாறு வடிகட்டியில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

என் நிலைப்பாடு இதுதான். ஒருவர் பாட்டா இல்லையா என்று தீர்மானிக்கும் எந்தச் சான்றும், சோதனையால் மாறக்கூடியதாக இருக்கக் கூடாது. பிரிவு ஒதுக்கப்படும் கணத்துக்கு முன்பே தெரிந்த செய்திகளை வைத்து வடிகட்டலாம்: முதல் கோரிக்கையில் வந்த யூசர் ஏஜென்ட் (உலாவி தன்னைப் பற்றி அனுப்பும் அடையாள வரி), ஐபி முகவரி எந்த வலையமைப்பைச் சேர்ந்தது, சோதனை தொடங்குவதற்கு முந்தைய காலத்தில் அந்த வருகையாளர் எப்படி நடந்துகொண்டார் என்பன போன்றவை. ஒதுக்கிய பிறகு நடந்த கிளிக், தங்கிய நேரம், திறந்த பக்கங்கள் ஆகியவற்றை வைத்து வடிகட்டினால், விளைவைக் கொண்டே மாதிரியைத் தேர்ந்தெடுத்ததாகிவிடும்.

புதுமுகம்

ஒரு ஐயம். சமவாய்ப்பாகப் பிரிக்கும்போது பாட்களும் இரு பக்கமும் சமமாகத்தானே விழும்? அப்படியானால் வடிகட்டாமலே விட்டுவிட்டால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடாதா?

சமவாய்ப்பு

நல்ல கேள்வி, விடை நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் வாங்கினாரா இல்லையா என்பது போன்ற இரட்டை விடை அளவையை எடுத்துக்கொள்வோம். மனிதர்களில் 5 சதவீதம் பேர் வாங்குகிறார்கள், அதைப் 5.5 ஆக உயர்த்தும் மாற்றத்தைக் கண்டறிய வேண்டும் என்று வையுங்கள். வழக்கமான 80 சதவீதத் திறனுக்கான (உண்மையான மாற்றத்தைக் கண்டறியும் வாய்ப்புக்கான) தோராயச் சூத்திரப்படி பிரிவுக்கு 30,400 பேர் தேவை. இப்போது வருகையில் 30 சதவீதம் எதையும் வாங்காத பாட்கள் என்றால், கண்ணுக்குத் தெரியும் விகிதம் 3.5 இலிருந்து 3.85 ஆகத்தான் உயரும். தேவையான எண்ணிக்கை ஏறத்தாழ 44,100 ஆகிவிடும். பார்ப்பதற்குப் பெரிய இழப்பாகத் தோன்றும். ஆனால் அந்த 44,100இல் மனிதர்கள் 30,900 பேர் அளவில் இருப்பார்கள். அதாவது காத்திருக்க வேண்டிய மனித வருகை ஏறக்குறைய அதே அளவுதான், சோதனையின் காலமும் அவ்வளவாக நீளாது. விழுக்காட்டு உயர்வும் 10 சதவீதமாகவே நிற்கிறது. ஆகவே எதையும் வாங்காமல் இரு பக்கமும் சமமாகச் சிதறிக் கிடக்கும் பாட்களைப் பற்றிப் பலர் அஞ்சும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

எல்லையில்லாமல் வளரக்கூடிய அளவைகளில் நிலைமை முற்றிலும் வேறு. ஒரு பிரிவில் 50,000 பேர், ஆளுக்குச் சராசரி 4 பக்கங்கள், திட்ட விலக்கம் 6 என்று கொள்வோம். சராசரியின் திட்டப் பிழை, அதாவது சராசரி தற்செயலாக ஊசலாடும் அளவு, 0.027 அளவில் இருக்கும். அந்தப் பிரிவில் ஒரே குக்கீயை (உலாவியில் சேமிக்கப்படும் அடையாளத்தை) வைத்துக்கொண்டு 30,000 பக்கங்களைச் சுரண்டும் ஒற்றைப் பாட் நுழைந்தால், சராசரி 0.6 கூடி, 15 சதவீத வளர்ச்சி போலத் தோற்றமளிக்கும். அதே பாட் திட்ட விலக்கத்தை 134 வரை உயர்த்திவிடுவதால் திட்டப் பிழையும் 0.6 ஆகிவிடும். வேறுபாட்டைத் திட்டப் பிழையால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 1, வெற்றி என்று அறிவிக்கப் போதாத அளவு. அந்தப் பாட் 30,000க்குப் பதிலாக 3,00,000 பக்கங்களைத் திறந்தாலும் அந்த 1 மாறாது. பொய்யான வெற்றி அறிவிக்கப்படாமல் நாம் தப்பினாலும், உண்மையான 2 அல்லது 3 சதவீத முன்னேற்றம் இருந்தால் அது அந்தத் தற்செயல் ஊசலாட்டத்தில் முழுகிப் போகும். சமமாக விழும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. இரு பக்கமும் ஈடுகட்டிக்கொள்ளும் அளவுக்கு இத்தகைய பெரும்பசிப் பாட்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருப்பதில்லை.

இதற்கு ஆளை நீக்குவதைவிட மதிப்பை வரம்பிடுவது நல்லது. சோதனைக்கு முந்தைய தரவிலிருந்து ஓர் உச்சவரம்பைத் தேர்ந்து, அதற்கு மேற்பட்ட மதிப்புகளை எல்லாம் அந்த வரம்பாகவே எண்ணுங்கள். இரு பிரிவுக்கும் ஒரே வரம்பு. ஆள் கணக்கில் யாரும் குறைய மாட்டார்கள் என்பதால் எஸ்ஆர்எம் எழாது. புதிய வடிவம் உண்மையான தீவிரப் பயனர்களின் பயன்பாட்டை வரம்புக்கு மேலும் உயர்த்தினால் அந்தப் பகுதி கணக்கில் வராது என்ற குறை இதில் உண்டு. வரம்பைச் சற்றுத் தாராளமாக வைத்தால் அந்த இழப்பு சிறிதாகவே இருக்கும்.

வழித்தடவி

சர்வர் பக்கத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். எஸ்ஆர்எம் தேறிவிட்டாலே பாட் சிக்கல் இல்லை என்று பொருளாகாது. பிறழ்வு பல இடங்களில் கண்ணில் படாமல் நுழைகிறது.

குக்கீயைச் சேமிக்காத பாட் ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிய வருகையாளராகப் பதிவாகும். ஆயிரம் பக்கங்களைத் திறந்தால் ஆயிரம் ஒற்றைப் பக்க வருகையாளர்கள் உருவாவார்கள். அவர்கள் இரு பிரிவிலும் சமமாகச் சிதறுவதால் கை-வர்க்கச் சோதனையில் சிக்கவே மாட்டார்கள், ஆனால் எல்லா விகிதங்களும் சரியும். இதற்கு நேர்மாறானது அடையாள எண் காலியாக வரும் நிலை. காலியான எண்ணுக்கும் ஹாஷ் சார்பு (அடையாள எண்ணைக் கொண்டு பிரிவைத் தீர்மானிக்கும் கணக்கு) ஒரே மதிப்பைத்தான் தரும் என்பதால், அடையாளமில்லாத எல்லாக் கோரிக்கைகளும் ஒரே பிரிவில் போய்க் குவியும். அடையாளம் இல்லையென்றால் சோதனையில் சேர்க்காமல் பழைய வடிவத்தைக் காட்டிவிடுவதே முறை.

பிரிவு ஒதுக்கியதைச் சர்வரிலும், கிளிக்கை உலாவியின் ஜாவாஸ்கிரிப்டிலும் பதிவு செய்யும் அமைப்புகளில் ஓர் ஓட்டை உண்டு. ஜாவாஸ்கிரிப்டை இயக்காத பாட்கள் வகுக்கும் எண்ணில் மட்டும் இடம்பெறும், வகுபடும் எண்ணில் இடம்பெறா. இரண்டையும் உலாவியிலேயே பதிவு செய்தால் இது தீரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புதிய வடிவத்தின் நிரல் கனமாக இருந்து, பதிவு அனுப்பப்படும் முன்பே மெதுவான கருவியில் இருக்கும் மனிதர் வெளியேறிவிட்டால் அவரும் எண்ணிக்கையில் வர மாட்டார். ஒரு பிரிவை மட்டும் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் சோதனைகளிலும் இதே தொல்லை. திருப்பத்தைப் பின்தொடராத பாட்கள் அந்தப் பிரிவில் மட்டும் மறைந்துபோகும். முடிந்தால் இரு பிரிவையும் ஒரே விதமாகத் திருப்புங்கள்.

சொந்தப் பாட்களை முதலில் எண்ணுங்கள். தளம் இயங்குகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு நிரல் ஒன்று நாளொன்றுக்கு 1,440 வருகைகளை உண்டாக்கும். அது பல இடங்களிலிருந்து இயங்கினால் அத்தனை மடங்கு. தரப் பரிசோதனைக் குழுவின் தானியங்கிச் சோதனைகளும் அப்படித்தான். இவற்றுக்கு ஒரு தனி ஹெடரை (கோரிக்கையோடு செல்லும் அடையாளக் குறிப்பை) கட்டாயமாக்கிவிட்டால் யாரையும் ஊகிக்காமலே ஒரு பகுதி தெளிந்துவிடும்.

தன்னை இன்னார் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் தேடல் நிரல்களையும் அப்படியே நம்பக் கூடாது. கூகுள்பாட் என்று யூசர் ஏஜென்டில் எழுதிக்கொள்ள யாராலும் முடியும். ஐபி முகவரியிலிருந்து டொமைன் பெயரைத் தேடி, அது கூகுளுக்கு உரியதுதானா என்று பார்த்து, அந்தப் பெயரிலிருந்து திரும்ப அதே ஐபி கிடைக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கூகுள் தன் ஐபி வரம்புகளையும் வெளியிடுகிறது. அப்படி உறுதியான தேடல் நிரலைக் கணக்கிலிருந்து விலக்கலாம். ஆனால் அதற்கென்று தனிப் பக்கத்தைக் காட்டுவது ஏமாற்றாகக் கருதப்படும் என்று கூகுளின் வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. சோதனைக்கான திருப்பங்களுக்கு நிரந்தரத் திருப்பமான 301ஐ விட்டு, தற்காலிகத் திருப்பமான 302ஐப் பயன்படுத்தவும் சொல்கிறது. எல்லோரையும் போல அதற்கும் ஒரு பிரிவைக் காட்டுங்கள், எண்ணும்போது மட்டும் விட்டுவிடுங்கள்.

அறிக்கையாளர்

இவ்வளவு தேவையா என்று கேட்க விரும்புகிறேன். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 அறியப்பட்ட பாட்களைத் தானாகவே விலக்குகிறது. எங்கள் குழு அதையே நம்பி அறிக்கை தருகிறது, இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

வழித்தடவி

அந்த வசதி பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கூகுளின் சொந்த ஆய்வையும், விளம்பரத் துறை அமைப்பான ஐஏபி பராமரிக்கும் பாட் பட்டியலையும் கொண்டு, அறியப்பட்டவற்றை மட்டுமே விலக்குகிறது. எவ்வளவு விலக்கப்பட்டது என்று உங்களால் பார்க்க முடியாது, அதை நிறுத்திவைக்கவும் முடியாது. அறிக்கைக்கு அது போதுமானதாக இருக்கலாம். சோதனைக்கு எந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள் என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

மேலும், விளம்பர அளவீட்டில் பழக்கமாகிவிட்ட ஒரு பிரிவினை இங்கும் பொருந்தும். அமெரிக்காவின் மீடியா ரேட்டிங் கவுன்சில் செல்லாத வருகையைப் பொதுவானது, நுட்பமானது என்று இரண்டாகப் பிரிக்கிறது. பட்டியலைக் கொண்டு பிடிக்கத்தக்கது முதல் வகை. மனிதரைப் போல நடிக்கும் இரண்டாம் வகையைப் பட்டியல் தொடாது. 2017இல் குரோம் உலாவியே திரையில்லா முறையில் இயங்கத் தொடங்கியது முதல், ஜாவாஸ்கிரிப்டை இயக்குவது மனிதரின் அடையாளம் என்ற பழைய அளவுகோல் செல்லுபடியாகவில்லை. அதற்குப் பின் யூசர் ஏஜென்டில் வரும் விவரங்களைக் குரோம் படிப்படியாகக் குறைத்துவிட்டதால் அந்தச் சான்றின் வலுவும் தேய்ந்துவிட்டது.

விளிம்பு

வடிகட்டலை இறுக்க வேண்டும் என்றே எல்லோரும் பேசுவதால், தவறாக நீக்கப்படுபவர்களின் சார்பில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலியை அசைக்காமல் விசைப்பலகை வழியாக மட்டும் தாவித் தாவிச் செல்பவர், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர், சுவிட்சுக் கருவி கொண்டு இயக்குபவர் ஆகியோரின் நடத்தை, எலி அசைவை மனிதரின் அடையாளமாகக் கொள்ளும் விதிகளில் பாட் என்றே பதிவாகும். டேட்டா சென்டர் ஐபிகளை மொத்தமாக விலக்கினால் விபிஎன் வழியாக வருபவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். அலுவலக வலையமைப்பிலிருந்து அப்படி வருபவர்கள் ஏராளம். ஒரே ஐபியிலிருந்து அதிகக் கோரிக்கைகள் வந்தால் தடுப்பது என்றால், பல்லாயிரம் பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும் செல்பேசி வலையமைப்புகளின் வாடிக்கையாளர்கள் அடிபடுவார்கள். இவர்களை நீக்கிய பின் நடத்தும் சோதனை, இவர்களுக்குப் பயன்படாத வடிவத்தை வெற்றியாளராக அறிவித்தாலும் அந்தக் கேடு எந்த எண்ணிலும் தென்படாது. என்னைப் பொறுத்தவரை, ஒரு பாட்டைத் தவறவிடுவதைவிட இது பெரிய குற்றம்.

எனவே யாரையும் அழிக்காதீர்கள். முத்திரை மட்டும் இடுங்கள். மூலத் தரவு அப்படியே இருக்கட்டும். எந்த விதி, எந்தப் பதிப்பு, என்ன காரணத்தால் முத்திரையிட்டது என்பதும் உடன் பதிவாகட்டும். பின்னொரு நாள் விதி தவறு என்று தெரிந்தால் திரும்பக் கணக்கிட வழி இருக்கும். விதியை மாற்றினால் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட முடியாது என்ற தரவுத்தடம் குழுவினரின் தயக்கத்துக்கும் இதுவே விடை: பழைய விதியின் முத்திரையையும் புதிய விதியின் முத்திரையையும் அடுத்தடுத்த நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

அஞ்சல்வழி

மின்னஞ்சல் சோதனைகளிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பு, பெறுபவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் திறப்பை எண்ண உதவும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறப்பு விகிதத்தை வைத்துத் தலைப்பு வரிகளை ஒப்பிடுவது பொருளற்றதாகிவிட்டது. கிளிக்கும் அவ்வளவு தூயதல்ல. நிறுவனங்களின் பாதுகாப்பு நிரல்கள் அஞ்சலில் உள்ள இணைப்புகளைத் தாமே திறந்து சோதிக்கின்றன. இரண்டு பிரிவின் அஞ்சல்களில் இணைப்புகளின் எண்ணிக்கை வேறுபட்டால், இந்த இயந்திரக் கிளிக்குகளும் வேறுபடும். மனிதர் கண்ணுக்குப் படாத இணைப்பு ஒன்றை இரு பிரிவிலும் ஒரே இடத்தில் வைத்து, அதைத் தொட்டவற்றுக்கு முத்திரையிடுகிறோம். அந்த இணைப்பு திரைவாசிப்பானுக்கும் மறைந்திருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். விளிம்பு அவர்கள் சொன்ன காரணமேதான்.

தரவுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. சமவாய்ப்பு அவர்கள் சொன்னபடி இரண்டு நிலையிலும் கை-வர்க்கச் சோதனை செய்தோம். முன்னதில் தேறியது, பின்னதில் தவறியது. கிளிக் வரம்பு விதியை இந்தச் சோதனையின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, முதல் கோரிக்கையின் சான்றுகளையும் முந்தைய காலத்து நடத்தையையும் மட்டும் கொண்டு முத்திரையிட்டோம். கிளிக் எண்ணிக்கையை முந்தைய தரவிலிருந்து எடுத்த வரம்போடு கணக்கிட்டோம். பிரிவுகள் ஒத்துவந்தன, கிளிக் குறைந்ததாகத் தெரிந்த தோற்றமும் மறைந்தது. ஆனால் கூடியது என்று துணிந்து சொல்லும் அளவுக்கும் வேறுபாடு இல்லை. எனவே முடிவு அறிவிக்காமல், இந்த விதிகளை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் சோதனையை மறுபடி தொடங்குகிறோம். அதற்கு முன் இரு பிரிவுக்கும் பழைய வடிவத்தையே காட்டும் ஏ/ஏ சோதனை ஒன்றை ஓட்டி, வடிகட்டியும் பதிவு முறையும் தாமாகவே வேறுபாட்டை உண்டாக்குகின்றனவா என்று பார்ப்போம்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. ஒரு மனிதர் கேட்டதால் அவருக்காகப் பக்கத்தைத் திறந்து படித்து, சில வேளைகளில் வாங்கியும் தரும் செயற்கை நுண்ணறிவு முகவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது?

சமவாய்ப்பு

முதலில் ஒரு சிறு திருத்தம். ஏ/ஏ சோதனை செய்வது நல்லதுதான், ஆனால் உங்கள் பழைய கிளிக் விதி ஏ/ஏ சோதனையில் எளிதாகத் தேறியிருக்கும். இரு பிரிவிலும் ஒரே வடிவம் இருப்பதால் நீக்கமும் சமமாகவே நடந்திருக்கும். வடிவம் நடத்தையை மாற்றும்போது மட்டுமே அந்தக் குறை வெளிப்படும். ஆகவே ஏ/ஏ தேறியது என்பதற்காக எஸ்ஆர்எம் சோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

முகவர்களைப் பொறுத்தவரை, மனிதர், பாட் என்ற இரண்டு பெட்டிகள் போதா. ஓபன்ஏஐ நிறுவனமே பயிற்சிக்காகத் தரவு திரட்டும் ஜிபிடிபாட், தேடலுக்கான ஓஏஐ-சர்ச்பாட், பயனர் கேட்டதால் பக்கத்தைத் திறக்கும் சாட்ஜிபிடி-யூசர் என்று தன் நிரல்களைப் பிரித்துப் பெயரிட்டுள்ளது. முதல் இரண்டையும் தயங்காமல் விலக்கலாம். மூன்றாவதற்குப் பின்னால் ஒரு மனிதரின் தேவை இருக்கிறது. சோதனை எந்த முடிவுக்காக நடக்கிறது என்று கேளுங்கள். பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு, உருப்படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றில் முகவரின் நடத்தை மனிதக் கண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது, விலக்குங்கள். விலை, இருப்பு விவரம், பொருள் விளக்கம் ஆகியவற்றில் முகவர் வழியாக நடந்த கொள்முதலும் கொள்முதலே. சேர்த்துக்கொண்டு, தனிப் பகுதியாகவும் காட்டுங்கள்.

வழித்தடவி

நடைமுறையில் இன்னொரு வகையும் உண்டு: பயனரின் சொந்த உலாவிக்குள், அவருடைய குக்கீயோடும் அவருடைய ஐபியோடும் இயங்கும் முகவர்கள். பாதி அமர்வு மனிதர், பாதி அமர்வு முகவர். முதல் கோரிக்கையின் சான்று எதுவும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. நடத்தையை வைத்து நீக்கினால் இந்த இழையின் முதல் பதிவில் இருந்த அதே பொறியில் விழுவோம். அவர்களை மனிதராகவே எண்ணி, அளவைக்கு வரம்பிட்டு விடுவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதோடு தொடர்புடைய ஒன்றையும் உங்கள் மறு சோதனைக்கு முன் பார்த்துவிடுங்கள். கணக்கிலிருந்து பாட்டை விலக்கினாலும் தளத்தின்மீது அது ஏற்படுத்திய விளைவு விலகுவதில்லை. பட்டியலின் வரிசை, அதிகம் பார்க்கப்பட்டவை என்ற கணக்கிலிருந்து உருவானால், பாட்களின் கிளிக்கும் அந்த வரிசையைத் தீர்மானித்திருக்கும். அதையே இரு பிரிவின் மனிதர்களும் பார்ப்பார்கள். வரிசைப்படுத்தும் நிரல் மூல லாக்கைப் படிக்கிறதா, முத்திரையிட்ட தரவைப் படிக்கிறதா?

தரவுத்தடம்

மூல லாக்கைத்தான் படிக்கிறது. அதை மாற்றிய பிறகே மறு சோதனையைத் தொடங்குகிறோம். வரிசை புதிய தரவில் நிலைபெறும்வரை ஏ/ஏ மட்டும் ஓடட்டும். அதன் இரண்டு நிலை எண்களையும் இங்கே பதிகிறேன்.